அத்தியாயம் 6: வீணைத் தந்தியின் சுருதியைக் கண்டுபிடித்தல்

வீணையின் அனுமந்தரத் தந்தியை மீட்டினேன். கைபேசித் திரையில் 'சதுஸ்ருதி ரிஷபம்' என்று வந்தது. மறுபடி மீட்டினேன். மறுபடியும் ரிஷபம். அந்தத் தந்தியில் இருக்க வேண்டியது கீழ்ப் பஞ்சமம். என் காதுக்கும் பஞ்சமம்தான் கேட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய முதல் சுருதிச் செயலி அது. நிரலை வரி வரியாகப் பார்த்து இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. கணக்கு சரியாகவே இருந்தது. நான்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு தந்தியைச் சுற்றியே வரும். கிதாருக்கோ வயலினுக்கோ தம்புராவுக்கோ செயலி எழுதினாலும் இதே சிக்கல்கள்தான். வீணையில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன; அங்கே தேறிவிட்டால் மற்ற வாத்தியங்களுக்குச் சில எண்களை மாற்றினால் போதும். பைத்தானில் ஓர் ஒலிக்கோப்பைத் திறந்து அதை எண் வரிசையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் பின்தொடரலாம்.

முதலில் எண்கள்

ஒரு வீணையை 3 கட்டைக்குச் சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கத்திய முறையில் இது 'இ' சுரம். 'ஏ' சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், முதல் தந்தியான சாரணியின் ஷட்ஜம் 164.81 ஹெர்ட்ஸ். பஞ்சமத் தந்தி அதில் முக்கால்: 123.61. மந்தரம் பாதி: 82.41. அனுமந்தரம் எட்டில் மூன்று பங்கு: 61.80. பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகள் 164.81, 247.22, 329.63. மந்தரத்தின் 82.41 என்பதுதான் கிதாரின் தடித்த ஆறாம் தந்திக்கும் அதிர்வெண். ஆகவே கிதார் வைத்திருப்பவர்கள் இந்தப் பயிற்சியை அதிலேயே செய்து பார்க்கலாம்.

இந்த ஏழு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். செயலி ஏதாவது விசித்திரமாகச் சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

ஒரு தந்தி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. முழுத் தந்தியாக அதிரும்போதே இரண்டு பாதிகளாகவும் மூன்று கூறுகளாகவும் நான்கு கூறுகளாகவும் சேர்ந்து அதிர்கிறது. அனுமந்தரத்தை மீட்டினால் 61.8, 123.6, 185.4, 247.2 என்று அடுக்கடுக்காக மேற்சுரங்கள் எழும். வீணையின் நாதம் வீணையின் நாதமாக இருப்பது இந்த அடுக்கினால்தான். நாம் பிடிக்க வேண்டியது அடுக்கின் அடிக்கல்லை.

ஃபூரியே வழி: எவ்வளவு தூரம் போகும்

கைபேசியின் மைக் காற்றின் அழுத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகத் தருகிறது. இதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அந்த எண்கள் பிழையில்லாமல் சுமக்கும். நம் தந்திகளுக்கு அது ஏராளம்.

இந்த எண் வரிசைக்குள் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் கணக்குக்கு வேர், பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட, வெப்பம் பரவும் விதம் பற்றிய நூலில் இருக்கிறது. செய்முறை இதுதான்: குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள ஒரு சைன் அலையை எடுத்து, ஒலியின் ஒவ்வோர் எண்ணையும் அலையின் அதே இடத்து எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த அதிர்வெண் ஒலியில் இருந்தால் கூட்டுத்தொகை பெரிதாக வரும். இல்லாவிட்டால் கூட்டலும் கழித்தலுமாக அடிபட்டுப் பூஜ்ஜியத்துக்கு அருகே போய்விடும். அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியாதாகையால் கோசைன் அலையோடும் இதையே செய்து இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒருமுறையாவது இதை உங்கள் கையால் இரட்டைச் சுழற்சியாக எழுதிப் பாருங்கள் என்று வற்புறுத்துவேன். தயார் நூலகத்தின் ஒரு வரி அழைப்பு ஒரு நொடியில் விடை தந்துவிடும். ஆனால் விடை தவறாக வரும் நாளில் எங்கே தேடுவது என்று தெரியாமல் போகும்.

எழுதிப் பார்த்தால் அது மெதுவாக ஓடுவதும் தெரியும். 4,096 எண்களுக்கு ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் பெருக்கல்கள். ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவு ஃபூரியே முறை இதே வேலையை ஏறத்தாழ 49,000 படிகளின் அளவுக்குக் குறைத்துவிட்டது. (கார்ல் ஃபிரெடரிக் காஸ் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த வழியைக் கண்டு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அது அச்சேறியது அவர் மறைந்த பிறகு.) கைபேசியில் உடனுக்குடன் சுருதி பார்க்க முடிவது இந்தச் சிக்கனத்தால்தான்.

இப்போது இடிக்கிற இடம். 4,096 எண்களைக் கொடுத்தால், விரைவு ஃபூரியே கணக்கு அதிர்வெண்களைச் சம அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துத் தரும். ஒவ்வொரு கட்டத்தின் அகலம் 44,100-ஐ 4,096-ஆல் வகுத்தால் வருவது: 10.77 ஹெர்ட்ஸ். மந்தரத் தந்தியின் 82.41-க்கும் அதற்கு அடுத்த அரைச்சுரமான 87.31-க்கும் இடையே இருப்பதோ 4.9 ஹெர்ட்ஸ். இரண்டு சுரங்களும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். காதுக்கு நன்றாகத் தெரியும் ஓர் அரைச்சுர வித்தியாசமே செயலிக்குத் தெரியாது.

நீளமாகக் கேட்டால் கட்டம் குறுகும். 65,536 எண்கள் எடுத்தால் அகலம் 0.67 ஹெர்ட்ஸ். ஆனால் அதற்கு ஒன்றரை நொடி ஒலி வேண்டும். பிரடையைத் திருகிக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு திருகலுக்கும் ஒன்றரை நொடி காத்திருக்க மாட்டார். அதற்குள் தந்தியின் நாதமும் தேய்ந்துவிடும். குறுகிய ஒலித்துண்டின் வாலில் பூஜ்ஜியங்களை ஒட்டி நீளமாக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது படத்தை வழவழப்பாக்கும். ஒலியில் இல்லாத தகவலைக் கொண்டுவராது.

உதவுகிற வழிகள் இரண்டு. ஒன்று, ஒலித்துண்டின் இரு ஓரங்களையும் மெல்லத் தேய்த்துப் பூஜ்ஜியமாக்குவது. துண்டை வெடுக்கென்று வெட்டினால் வெட்டிய இடத்தின் அதிர்ச்சி அக்கம்பக்கத்துக் கட்டங்களிலெல்லாம் சிந்தும். ஹான் சாளரம் என்று அழைக்கப்படும் மணி வடிவ வளைவால் பெருக்கினால் அந்தச் சிந்தல் வெகுவாகக் குறையும். இரண்டாவது, உயரமான கட்டத்தையும் அதன் இரு பக்கத்துக் கட்டங்களையும் எடுத்து, மூன்று உயரங்களின் மடக்கைகள் வழியாக ஒரு பரவளையம் வரைந்து அதன் உச்சி எங்கே விழுகிறது என்று பார்ப்பது. ஒரு முகடு மற்ற முகடுகளிலிருந்து விலகித் தனியாக நின்றால், கட்டத்தின் சிறு பின்னம் வரை உண்மையான இடத்தை இது சொல்லிவிடும்.

இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் நான் ரிஷபத்தில் போய் விழுந்தேன்.

ரிஷபம் எங்கிருந்து வந்தது

நான் எழுதிய விதி: 'மிக உயரமான முகடு எதுவோ அதுவே சுருதி.' சைன் அலைக்கு அது சரி. தந்திக்குச் சரியில்லை. அனுமந்தரத்தின் மூன்றாம் மேற்சுரம் 185.4 ஹெர்ட்ஸ். அதைச் சாரணியின் 164.81-ஆல் வகுத்துப் பாருங்கள்: எட்டுக்கு ஒன்பது. சதுஸ்ருதி ரிஷபம். அன்று அந்த மேற்சுரம்தான் அடுக்கிலேயே உயரமாக நின்றிருந்தது.

கைபேசி மைக்குகள் பேச்சுக்காக அமைந்தவை. பல கைபேசிகளில் தாழ்ந்த அதிர்வெண்களை வேண்டுமென்றே வடிகட்டியிருப்பார்கள். காற்று மோதும் உறுமலும் கை உரசலும் கேட்கக் கூடாது என்பதற்காக. 61.8 ஹெர்ட்ஸ் அந்த வடிகட்டலில் அடிபட்டுவிடும். அடிக்கல்லே படத்தில் தெரியாது. ஆனாலும் காது பஞ்சமத்தைக் கேட்கிறது. 123.6, 185.4, 247.2 என்ற மூன்றும் ஒன்றாகக் காதில் விழுந்தால், அவற்றுக்கிடையே உள்ள 61.8 என்ற இடைவெளியிலிருந்து மூளை அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இப்படித்தான்.

வீணைக்குச் சொந்தமான காரணம் ஒன்றும் உண்டு. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அங்கே அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை பலமாக எழுகின்றன என்று 1921-இல் சி. வி. ராமன் எழுதினார். இந்த வாத்தியங்களின் குதிரை, கிதாரில் இருப்பதுபோலக் கூரிய முனையில் தந்தியைத் தாங்குவதில்லை. அகன்று, சற்றே வளைந்த பரப்பு அது. தந்தி அதை ஒவ்வோர் அதிர்விலும் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்புராவில் தந்திக்கடியில் நூலைச் செருகி நகர்த்தி நாதத்தைக் 'கூட்டுவது' இந்தத் தொடுகையைச் சரிசெய்வதற்கே. திருச்சியில் பிறந்து, கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஒலியியலில் ஆய்வுகளைத் தொடங்கியவர் ராமன். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் இசைக்குப் பொருந்தும் முழு மடங்குகளாக அமைவதை 1920-இலேயே காட்டியிருந்தார். நம் வாத்தியங்களுக்குச் செயலி எழுத வருபவர்கள் அவருடைய ஒலியியல் கட்டுரைகளைத் தேடிப் படிக்க வேண்டும். வீணைக்கு மேற்சுரங்கள் உரத்து ஒலிப்பது இயல்பு. உயரமான முகட்டைத் தேடும் செயலி அதில் தடுக்கி விழுவதும் இயல்பு.

சேலைக் கரையை நகர்த்திப் பார்ப்பது

அடிக்கல் தெரியாவிட்டாலும் ஒலி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்பது மாறாது. அதைத் தேடுவோம்.

சேலைக் கரையில் மயிலும் சக்கரமும் மாறி மாறி ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையை மெல்லிய தாளில் படியெடுத்து, படியைக் கரைமேல் வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். முதலில் எதுவும் பொருந்தாது. ஓர் இடத்தில் மயில்மேல் மயிலும் சக்கரத்தின்மேல் சக்கரமும் சரியாக அமரும். எவ்வளவு நகர்த்தினீர்களோ அதுவே கோலம் திரும்பி வரும் தூரம். ஒலி அலையையும் இப்படியே அதன் மேலேயே நகர்த்திப் பார்க்கிறோம். ஆட்டோகோரிலேஷன் என்பார்கள், தமிழில் தன்னொப்பீடு எனலாம். 61.8 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் முற்றிலும் வடிகட்டப்பட்டிருந்தாலும் மேற்சுரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நிலைக்குத் திரும்புவது நொடியில் 61.8 முறைதான். நொடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில் அது 713.6 எண்களுக்கு ஒருமுறை.

இரண்டு மயில் தூரம் நகர்த்தினாலும் கோலம் பொருந்தும், மூன்று தூரம் நகர்த்தினாலும் பொருந்தும். இரண்டு மயில் தூரத்தைச் செயலி பிடித்துக்கொண்டால் ஒரு ஸ்தாயி கீழே சொல்லும். ஆகவே நன்றாகப் பொருந்தும் இடங்களில் முதலாவதை எடுக்க வேண்டும். 'நன்றாக' என்பதற்கு எல்லை எது என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு நான் இன்றுவரை பயன்படுத்துவது யின் முறை. அலென் டி செவென்யேவும் ஹிடெகி கவஹாராவும் 2002-இல் வெளியிட்டது. சீனத் தத்துவத்தின் யின்-யாங் இணையிலிருந்து வந்த பெயர்.

அதைச் சொற்களில் சொல்கிறேன். நிரலாக எழுதினால் இருபது வரிகூட வராது. ஒவ்வொரு நகர்வுக்கும், மூல அலையின் எண்ணிலிருந்து நகர்த்திய அலையின் எண்ணைக் கழித்து, இருமடியாக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பொருந்தும் இடத்தில் இந்தத் தொகை பள்ளமாக விழும். நகர்வே இல்லாத இடத்திலும் அது பூஜ்ஜியமாக இருக்கும். அந்தப் போலிப் பள்ளத்தைத் தவிர்க்க, ஒவ்வொரு தொகையையும் அதுவரை வந்த தொகைகளின் சராசரியால் வகுத்துவிடுங்கள். இப்போது வரைபடம் 1-இல் தொடங்கி, பொருந்தும் இடங்களில் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். 0.1-க்குக் கீழே இறங்கும் முதல் பள்ளத்தைக் கண்டுபிடித்து அதன் அடிவரை போங்கள். எங்குமே 0.1-க்குக் கீழே இறங்கவில்லையென்றால் அந்தத் துண்டில் தெளிவான சுருதி இல்லை. திரையில் எதையும் காட்டாதீர்கள். இந்த மௌனம் செயலியின் நம்பகத்துக்கு மிக முக்கியம்.

நகர்த்திப் பார்க்க இடம் வேண்டுமே, துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஆகத் தாழ்ந்த தந்தியின் இரண்டு சுற்றாவது. அனுமந்தரத்துக்கு 1,428 எண்கள். 2,048 எடுத்தால் ஒப்பேற்றிவிடலாம். 4,096 எடுத்தால் நிம்மதி. நேரம் 0.09 நொடிதான். ஃபூரியே வழியில் ஒன்றரை நொடி கேட்ட வேலை.

இங்கும் பரவளையம் வேண்டும். சாரணியின் சுற்று 267.6 எண்கள். நாம் நகர்த்துவதோ முழு எண்களில்: 267 என்றால் 165.17 ஹெர்ட்ஸ், 268 என்றால் 164.55. இரண்டுக்கும் இடையே ஆறரை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இடைவெளி. மேல் ஷட்ஜத் தாளத் தந்தியில் அது 13 சென்ட் வரை போகும். பள்ளத்தின் அடியையும் அதன் இரு பக்கத்தையும் கொண்டு பரவளையம் வரைந்து பின்னத்தை எடுத்த பிறகுதான் இந்தத் தாவல் மறையும்.

ஷட்ஜம் யார் சொல்வது

சென்ட் என்பது அரைச்சுரத்தை 100 பங்காக்கிய அளவு. ஒரு ஸ்தாயிக்கு 1,200. அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1880-களில் இதைப் பரப்பினார். கணக்கு: கேட்ட அதிர்வெண்ணைச் சரியான அதிர்வெண்ணால் வகுத்து, 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்து, 1,200-ஆல் பெருக்குங்கள். பிளஸ் வந்தால் சுருதி ஏறியிருக்கிறது. மைனஸ் வந்தால் இறங்கியிருக்கிறது.

'சரியான அதிர்வெண்' எது என்பதில் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான டியூனர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவை 440-ஐ நட்டுவைத்து, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, எந்தத் தந்தியானாலும் அருகிலிருக்கும் வெட்டோடு ஒப்பிடும். கர்நாடக சங்கீதத்தில் ஷட்ஜத்தைப் பாடுபவர் தீர்மானிக்கிறார். ஒருவருக்கு 1 கட்டை, இன்னொருவருக்கு ஐந்தரை. சில நாள் தொண்டைக்கேற்ப இரண்டுக்கும் நடுவே. எனவே நம் செயலியின் முதல் பொத்தான் 'ச-வைக் கேள்' என்று இருக்கட்டும். சுருதிப் பெட்டியை அதன் அருகே வைத்தால் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஆறு தந்திகளும் அந்த எண்ணின் பங்குகள். மேலே ஒட்டிவைத்த தாளில் இருக்கும் அதே முக்கால், அரை, எட்டில் மூன்று.

சம பங்கு முறையின் பஞ்சமம் 700 சென்ட்; ஒன்றரை மடங்கான இயல்பான பஞ்சமம் 702. இரண்டு சென்ட்தானே என்று விடாதீர்கள். தாளத் தந்தியின் பஞ்சமத்தை 247.22-க்குப் பதில் 246.94-இல் நிறுத்திவிட்டுச் சாரணியோடு சேர்த்து மீட்டுங்கள். சாரணியின் மூன்றாம் மேற்சுரம் 494.44, பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரம் 493.88. இரண்டும் உரசி, இரண்டு நொடிக்குள் ஒருமுறை ஏறி இறங்கும் விம்மல் கேட்கும். நல்ல சுருதிக்குப் பழகிய காது அதைப் பொறுக்காது.

அந்தர காந்தாரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: இயல்பானது 386 சென்ட், சம பங்கு 400. ஆனால் தந்தி சேர்ப்பதற்கு ஷட்ஜமும் பஞ்சமமும் போதும் என்பதால் இந்த வாதத்துக்குள் செயலி நுழைய வேண்டியதில்லை. வீணையின் மெட்டுகளை அமைப்பவர் (மேளம் கட்டுபவர்) மெழுகின்மேல் காதால் வைத்த மெட்டை, என் செயலியைக் காட்டி நகர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

கைபேசி செய்யும் குறுக்கீடுகள்

நொடிக்கு 44,100 என்று நிரலில் எழுதிவிட்டு, கைபேசி 48,000 கொடுத்துக்கொண்டிருந்தால் எல்லாச் சுரமும் 147 சென்ட், ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம், இறங்கிக் காட்டும். எண்ணிக்கையை ஊகிக்காமல் கருவியிடமே கேட்டு வாங்குங்கள்.

எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு மூன்றையும் அணையுங்கள். பேச்சு அல்லாத எதையும் இரைச்சல் என்று கருதும் வடிகட்டி, நீண்டு ஒலிக்கும் தந்தியைப் பாதியிலேயே அமுக்கிவிடும். உலாவியில் எழுதுபவர்கள் மைக்கைக் கேட்கும்போதே இவை வேண்டாம் என்று சொல்லலாம். ஆன்ட்ராய்டு 7.0 முதல், பதப்படுத்தாத ஒலியைத் தரும் மைக் வழி ஒன்று உண்டு. அதைத் தராத கைபேசிகளில் குரல் அறிதலுக்கான வழியைப் பயன்படுத்துங்கள்.

மின்விசிறியும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் 100, 150 என்று மடங்குகளோடு வரும். அமைதியான அறையில் கணக்கு பிரமாதமாக வேலை செய்துவிட்டு, விசிறி ஓடும் அறையில் தந்தியைத் தொடாமலேயே சுருதி காட்டுவது இதனால்தான். ஒலியின் வலிமை ஓர் அளவுக்கு மேல் எழுந்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

மீட்டியவுடன் வரும் முதல் பத்தில் ஒரு நொடியை விட்டுவிடுங்கள். விரலின் இழுப்பில் தந்தி விறைத்து, சுருதி சற்று ஏறி நின்று பிறகுதான் அடங்கும். அடுத்து வரும் ஐந்து விடைகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவிலிருப்பதைக் காட்டுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு ஸ்தாயிப் பிழை மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நடு எண் அதற்கு அசையாது.

சோதிக்கும் வரிசை

நேராக வீணையிடம் போகாதீர்கள். அவுடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 164.81 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். விடை ஒரு சென்ட்டுக்குள் வர வேண்டும். அடுத்து 123.6, 185.4, 247.2 மூன்றையும் மட்டும் கலந்து, 61.8 இல்லாமல் கொடுங்கள். என் முதல் செயலி தோற்ற சோதனை இதுதான். 61.8 என்று வந்தால் மேலே போகலாம். பிறகு அதே கலவையில் விசிறி இரைச்சலைப் பதிவுசெய்து சேர்த்துக் கொடுங்கள். அதன் பிறகு வாத்தியம்.

கடைசிச் சோதனைக்கு வீணை வாசிப்பவர் ஒருவரின் அரை மணி நேரம் வேண்டும். செயலியின் திரையை அவருக்குக் காட்டாதீர்கள். தம்புராவை வைத்துக்கொண்டு அவர் வழக்கம்போலக் காதால் சேர்க்கட்டும். முதலில் பிரடை, பிறகு தந்தி முனையிலுள்ள லங்கரை நகர்த்தி நுணுக்கம். அவர் 'சரி' என்று சொன்ன பிறகு ஏழு தந்திகளையும் தனித்தனியே மீட்டச் சொல்லி, செயலி காட்டும் சென்ட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருதியைக் கலைத்துவிட்டு மூன்று முறை இதைத் திரும்பச் செய்யுங்கள். வித்தியாசம் ஒரு முறை பிளஸ், ஒரு முறை மைனஸ் என்று இரண்டு மூன்று சென்ட்டுக்குள் அலைந்தால் நல்லது. ஒரே தந்தியில், ஒரே பக்கமாக, மூன்று முறையும் வந்தால் அவருடைய காதைச் சந்தேகிக்காமல் நிரலைத் திறந்து பாருங்கள். என் வீணையில் அப்படி வந்தது அனுமந்தரத்தில், நான்கு சென்ட் ஏற்றமாக. தடித்த தந்தியின் விறைப்பால் அதன் மேற்சுரங்கள் முழு மடங்குகளைவிடக் கொஞ்சம் மேலே தள்ளி நிற்கின்றன; அடிச்சுரம் மைக்கில் விழாதபோது அந்தத் தள்ளல் கணக்கை ஏற்றிவிடுகிறது. 800 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதை வடிகட்டிவிட்டுத் தன்னொப்பீடு செய்தேன். ஏற்றம் ஒரு சென்ட்டுக்கு இறங்கியது.